மாமா பல் டாக்டருக்குக் கொண்டுபோன வேர்

திண்டுக்கல்லில் ஒரு பல் டாக்டர், எங்கள் மாமா பழைய பேப்பரில் சுற்றி நீட்டிய மண்வாடை மாறாத ஒரு கட்டு வேரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. மாமாவே இப்போது நம்புவதில்லை. தான் அந்த அளவுக்கு விவரம் கெட்டவனாக ஒரு நாளும் இருந்ததில்லை என்கிறார். ஆனால் நான் கூடவே இருந்தேன். மூன்றாம் வகுப்பு முடிந்து முழுப் பரீட்சை லீவில் இருந்த எனக்கு, பஸ் ஏறுகிற எந்தக் காரியமாக இருந்தாலும் அதில் நான் இருந்தாக வேண்டும்.

பல் அம்மாவுடையது. வலது பக்கம், கீழே, கடைவாய்ப் பல். அதில் சொத்தை விழுந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அது தன் பாட்டுக்கு இருந்தது, அம்மா தன் பாட்டுக்கு இடது பக்கமாக மென்றுகொண்டிருந்தாள். அந்தக் கோடையில்தான் அது விழித்துக்கொண்டது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்திருந்து கடைசியில் எடுத்து நீட்டுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. அம்மா அப்போது மாசமாக இருந்தாள். எனக்குப் பிறகு இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. இரண்டாவது, காய்ச்சலுக்கு ஏதோ மாத்திரை போட்ட பிறகு போனது. மாத்திரையால்தான் போனது என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அம்மாவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். இந்த முறை வயிறு தானாக வெளியே தெரிகிற வரை யாரிடமும் மூச்சு விடுவதில்லை, ஒரு மாத்திரையையும் கையால் தொடுவதில்லை. விஷயம் தெரிந்தவர்கள் அப்பாவும், நிலக்கோட்டையில் அம்மாவைப் பார்த்த டாக்டரம்மாவும்தான். மாமாவுக்குத் தெரியாது. தெருவுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தால் தெருவுக்கும் தெரிந்துவிடும் என்பதால் எனக்கும் தெரியாது.

எங்களுக்குச் செம்பட்டியிலிருந்து நிலக்கோட்டை போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளிக் கொஞ்சம் மல்லிகைத் தோட்டம். கோடையில் பூ கொட்டும். விடிவதற்கு முன்பே அம்மாவும் அப்பாவும் மொட்டுப் பறிக்கப் போய்விடுவார்கள். வலி வந்த பிறகு அம்மா வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு போனாள். கூடையிலிருந்து மல்லிகை வாசமும் அம்மாவிடமிருந்து கிராம்பு வாசமும் சேர்ந்து, எங்கள் வீடே கல்யாண மண்டபம் மாதிரி மணத்துக்கொண்டிருந்தது.

கிராம்புக்கு அடங்கவில்லை என்றதும் உப்பு போட்ட வெந்நீர் வந்தது. அப்புறம் கொய்யா இலையைக் கொதிக்க வைத்த தண்ணீர். பூண்டை உப்போடு நசுக்கி ஓட்டைக்குள் அடைத்தார்கள். யாரோ கொடுத்த கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்ததில் ஈறு வெந்து, இரண்டு நாள் கஞ்சி மட்டும் குடித்தாள். இத்தனை வைத்தியத்திலும் ஒரு விதி இருந்ததை நான் கவனித்தேன். காரணம்தான் தெரியவில்லை. கொப்புளித்துத் துப்புகிற மருந்து என்றால் அம்மா மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வாள். விழுங்குகிற மருந்து என்றால் ஆகாது. பக்கத்து வீட்டு அத்தை ஒரு சொம்பு கஷாயம் காய்ச்சிக் கொண்டுவந்து, "ஒரே மூச்சுல குடிச்சிரு, நாளைக்கு முறுக்குக் கடிப்ப" என்றார். அம்மா சிரித்த முகமாக வாங்கி வைத்து, அவர் தலை மறைந்ததும் கருவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றினாள். அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் செழிப்பாக இருந்தது அந்தக் கன்று ஒன்றுதான்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. செம்பட்டியில் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்கிற கடை வைத்திருந்தார். அக்கா என்றால் அவருக்கு உயிர். அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. காலையில் டிவியில் வைத்தியம் சொல்கிறவர்களை ஒருத்தர் விடாமல் பார்ப்பார். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, அன்றைக்கு டிவியில் சொன்னதைப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஒரு நாள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அமுக்கினால் பல்வலி போகும் என்று அம்மாவின் கையை அமுக்கிய அமுக்கில், பல்லோடு கையும் வலித்ததுதான் மிச்சம்.

பூச்சி எடுப்பதும் மாமாவின் யோசனைதான். சொத்தைப் பல்லுக்குள் புழு இருக்கிறது, கண்டங்கத்திரி விதையின் புகை பட்டால் அது கீழே விழுந்துவிடும் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மாமா விதையைக் காயவைத்தே கொண்டுவந்தார். கரண்டியைப் பழுக்கக் காய்ச்சி, அதில் விதையைப் போட்டு, மேலே ஓட்டை போட்ட சிரட்டையைக் கவிழ்த்து, அந்த ஓட்டையில் பப்பாளி இலைக் காம்பைச் சொருகினார். காம்பு குழாய் மாதிரி இருக்கும், புகை நேராகப் பல்லுக்குப் போகும். எல்லாம் தயாரான பிறகு அம்மா பப்பாளிக் காம்பைப் பார்த்தாள். பாம்பைப் பார்த்த மாதிரி பின்னால் நகர்ந்தாள்.

"அது வேணாம்டா. எனக்கு ஆகாது."

"பழத்தையா திங்கச் சொல்றேன்? வெறும் குழாய்தானக்கா."

"பப்பாளி வாடையே ஆகாதுங்கிறேன்ல."

போன வருஷம் வரை பப்பாளியை அரைப் பழம் அரைப் பழமாகச் சாப்பிட்ட அம்மாவுக்கு என்ன வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. மாமா முணுமுணுத்துக்கொண்டே போய் ஆமணக்குக் காம்பு ஒடித்துக்கொண்டு வந்தார். அம்மா புகையை வாயில் வாங்கி, தண்ணீர் வைத்த தட்டில் எச்சிலை ஒழுக விட்டாள். தட்டில் வெள்ளையாக ஒரு நூல் துண்டு மாதிரி விழுந்தது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். அது சூட்டில் வெடித்த விதையின் முளை என்று ரொம்பப் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நானும் அதைப் புழு என்றுதான் பார்த்தேன், நெளிந்ததாகக்கூட ஞாபகம்.

புகையில் அம்மாவுக்கு வாந்தி வந்தது. கொஞ்சம் நஞ்சமில்லை, கொல்லைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாமல் நின்றாள். விஷம் வெளியே வருகிறது என்று மாமா சந்தோஷப்பட்டார். பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்த அப்பா இதைக் கேட்டு மாமாவைப் பிடித்துக் கத்தினார். அப்பா மாமாவிடம் கத்தி நான் பார்த்ததில்லை. எதற்குக் கத்துகிறோம் என்பதை மட்டும் சொல்லாமல் கத்தினார். மாமா சாப்பிடாமல் போய்விட்டார். அம்மா அதற்கும் அழுதாள்.

ஒரு நாள் வலி விட்ட மாதிரி இருந்தது. அப்புறம் கன்னம் வீங்க ஆரம்பித்தது. அந்த நாட்களில் ஒரு மத்தியானம், விளையாடிவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்தேன். அம்மா உள்ளறையில் சுவரோரமாகச் சாய்ந்து, ஒரு கையைக் கன்னத்திலும் இன்னொரு கையைச் சேலை மடிப்பிலும் வைத்துக்கொண்டு தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். "பொறுத்துக்க சாமி. இன்னும் கொஞ்ச நாளுதான். அம்மா உன்னைய ஒண்ணும் ஆக விடமாட்டேன்."

அம்மா பல்லோடு பேசுகிறாள் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைக்க முடியும், அறையில் அம்மாவும் பல்லும்தான் இருந்தார்கள். பல்லிடம் போய்த் தன்னை அம்மா என்று சொல்லிக்கொண்டது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனாலும் அன்று சாயங்காலம் அம்மாவின் கன்னத்தருகே வாயை வைத்து, சமத்தா இரு, அம்மாவைப் படுத்தாதே என்று நானும் பல்லுக்குச் சொன்னேன். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவள் உடம்பு கொதித்தது.

காய்ச்சல் வந்த பிறகு வீட்டில் சிரிப்பு நின்றுபோனது. வாயை முழுக்கத் திறக்க முடியவில்லை. இந்த வீக்கம் மேலே ஏறினால் ஆளையே சாய்த்துவிடும் என்று பக்கத்து வீட்டு அத்தை என் முன்னாலேயே சொன்னார். அதிலிருந்து நான் விளையாடப் போகவில்லை. அம்மா செத்துப்போவாள் என்று பயந்தேன். அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் நடந்துவிடும் என்று தோன்றியது.

அப்பா கெஞ்சிப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவோம்த்தா. காட்டிட்டு மட்டும் வருவோம்."

"ஊசி போடுவாக. படம் எடுப்பாக. மாத்திரை குடுப்பாக. போன தடவை பட்டது பத்தாதா?" என்று கேட்ட அம்மா, நான் நிற்பதைப் பார்த்துப் பேச்சை நிறுத்திக்கொண்டாள். போன தடவையும் ஒரு பல்தான் போலிருக்கிறது என்று நான் எண்ணிக்கொண்டேன்.

கோபித்துக்கொண்டு போன மாமா, கடைக்குச் சாமான் வாங்கத் திண்டுக்கல் போனவர், அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். கோபமெல்லாம் வழியிலேயே போய்விட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு பல் ஆஸ்பத்திரி, அதன் போர்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதாம், இங்கு வேர் சிகிச்சை செய்யப்படும் என்று.

"படிச்ச டாக்டருக்கா. ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. வேரு வச்சு வைத்தியம். நம்ம ஊரு வைத்தியம்தான், ஃபேனு போட்டுச் செய்றாக, அம்புட்டுதான்."

"விழுங்கச் சொல்லுவாகளாடா?"

"வேரை எப்பிடிக்கா விழுங்குறது? மெல்லச் சொல்லுவாக. இல்லாட்டி வச்சுக் கட்டுவாக."

அம்மாவின் முகம் எத்தனையோ நாளைக்குப் பிறகு தெளிந்தது. போகலாம் என்றாள். அப்பா அந்த நேரம் பூச்சாக்கை மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி சாக்கை மடித்தார். பூ மார்க்கெட்டில் அவருக்குத் தெரிந்த ஒருவர் வேர் சிகிச்சை செய்துகொண்டு வந்தவர். அது என்ன என்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறந்தால் அம்மா பஸ் ஏறமாட்டாள் என்பதும் தெரியும். கூட வந்தால் தன் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று, பறிக்காமல் விட்டால் பூ மலர்ந்துவிடும் என்ற சாக்கைச் சொல்லி, மறுநாள் விடிவதற்கு முன்பே தோட்டத்துக்குப் போய்விட்டார்.

விடிந்ததும் மாமா மண்வெட்டியோடு வந்து நின்றார். டவுன்காரர்களுக்கு நல்ல வேர் எங்கே கிடைக்கும், காய்ந்த சருகைத்தான் வைத்திருப்பார்கள், நாமே கொண்டுபோனால் வைத்தியம் பிடிக்கும் என்பது அவர் கணக்கு. நாயுருவி வேர் எடுத்தார், வேப்ப வேர் எடுத்தார். ஆலமரத்து விழுதையும் கொஞ்சம் வெட்டினார். விழுது எப்படி வேர் ஆகும், அது மேலே அல்லவா தொங்குகிறது என்று நான் கேட்டதற்கு, பேசாமல் வா என்றார்.

ஆஸ்பத்திரியில் சாய்வு நாற்காலியையும் அதைச் சுற்றித் தொங்கிய ஒயர்களையும் பார்த்ததுமே அம்மாவின் நடை தயங்கியது. டாக்டர் ஒரு பெண். சின்ன வயசு. பழனிப் பக்கத்து ஆள் என்று வாயைத் திறந்ததும் தெரிந்தது. மாமா பேப்பரைப் பிரித்து, எது எந்த வேர் என்று விளக்கம் சொல்லி நீட்டினார். டாக்டர் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"நாயுருவிங்களா? எங்க அப்பாரு இதுலதானுங்க பல்லு வெளக்குவாரு."

மாமா என்னைப் பார்த்து, எப்படி என்பது போலத் தலையை ஆட்டினார். டாக்டர் வேரைப் பத்திரமாக மேசை மேல் வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த பொம்மைப் பல் ஒன்றை எடுத்தார். மேலே பல், அடியில் இரண்டு கால். "வேருங்கிறது இதுங்க. பல்லோட வேரு. அக்காவுக்குச் சீழ் புடிச்சிருக்கிறது இதுக்குள்ளார. அதைத் தொறந்து சுத்தம் பண்ணி அடைக்கிறதுதானுங்க வேர் சிகிச்சை." மரத்துப்போக ஊசி உண்டு, படம் உண்டு, சீழுக்கு மாத்திரையும் உண்டு என்றார்.

மாமாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தேன். எழுந்துவிட்டாள். என் கையைப் பிடித்து, "வாத்தா, போவோம்" என்றாள். டாக்டர் அம்மாவையும், சேலை மடிப்பில் போய் நின்ற அவள் கையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாமாவைக் கூப்பிட்டு, கீழே மெடிக்கலில் பஞ்சு வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். அலமாரி நிறையப் பஞ்சு இருந்ததை நான் பார்த்தேன். மாமா படியிறங்கிப் போன பிறகு, டாக்டர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏனுங்கக்கா, நாள் தள்ளியிருக்குதுங்களா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேறு ஆள் அங்கே இல்லை. "ஆமா டாக்டர், அம்மா ரொம்ப நாளாத் தள்ளிக்கிட்டேதான் இருக்கு, அப்பா கூப்பிட்டும் வரவே இல்ல" என்றேன். டாக்டர் என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். வீங்கிய வாயோடு அம்மா சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் போட்டுக்கொடுத்ததற்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து நான் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

உள்ளே பேசியதை அம்மா பின்னாளில் எனக்குச் சொல்லியிருக்கிறாள். கிராம்பும் உப்புத் தண்ணீரும் தப்பில்லை, இத்தனை நாள் வலியைத் தாங்க வைத்தது அதுதான் என்று டாக்டர் சொன்னாராம். ஆனால் கொப்புளிக்கிற தண்ணீர் வேருக்குள் போகாது. சீழையும் காய்ச்சலையும் வைத்துக்கொண்டிருப்பதுதான் உள்ளே இருப்பதற்கு ஆபத்து. இது நாலாவது மாசம், செய்துகொள்ள நல்ல நேரம். அம்மா நம்பவில்லை. நிலக்கோட்டை டாக்டரம்மாவுக்கு போன் போட்டுக் கொடுத்த பிறகும் அம்மா ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாளாம், தங்குமா, தங்குமா என்று. இதனால் போகாது, சீழை விட்டால்தான் பயம் என்று டாக்டரம்மா சொன்னாராம்.

எக்ஸ்ரே படம் எடுக்கும்போது அம்மாவுக்கு மேலே கனமான ஒரு கவசத்தைப் போட்டார்கள். கதவு இடுக்கில் பார்த்தேன். அம்மா அதை இழுத்து இழுத்து வயிற்றுப் பக்கம் விட்டுக்கொண்டாள். அவளுக்குத் திருப்தி வருகிற வரை டாக்டர் அவசரப்படாமல் நின்றார். பிறகு ஒரு மாத்திரையும் டம்ளரில் தண்ணீரும் வந்தது. அம்மா மாத்திரையை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணை மூடி விழுங்கினாள். அம்மா ஒரு மருந்தை விழுங்கியதை அந்தக் கோடையில் அப்போதுதான் பார்த்தேன்.

ஊசி போடுவதற்கு முன் அம்மா என்னைக் கூப்பிட்டாள். போட்டுக்கொடுத்ததை மறந்துவிட்டாள் போலிருந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி, என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். "இங்கனயே வச்சுக்க. என்ன ஆனாலும் எடுத்திராத, என்னத்தா?"

வலி வாயில் இருக்க வயிற்றை எதற்குப் பிடிக்கச் சொல்கிறாள் என்று யோசித்தேன். பயந்தால் வயிற்றைக் கலக்குகிறது என்று எல்லோரும் சொல்வார்கள் அல்லவா, அம்மாவுக்கு ஊசி என்றால் பயம், வயிறு கலங்காமல் இருக்க ஒரு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் நான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஊசி போனபோது அம்மாவின் கண் ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. மெஷின் சத்தத்துக்கு நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். கையை மட்டும் எடுக்கவில்லை. இன்னொரு கையால் தட்டிக் கொடுத்து, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்று சொல்லிக்கொண்டே நின்றேன்.

என் கைக்குக் கீழே இருந்தவன் இன்று என்னைவிட உயரம். நான் வாங்கிய சார்ஜரை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் தராமல் என்னோடு சண்டை போடுகிறான். அவனிடம் கோபம் வரும்போதெல்லாம் இந்தக் கை எனக்கு ஞாபகம் வந்துவிடும். அப்புறம் எங்கே கோபப்படுவது.

பஞ்சோடு வந்து வெளியே பெஞ்சில் காத்திருந்த மாமா, அத்தனை விளக்கத்துக்குப் பிறகும், நம்ம வேரையும் கொஞ்சம் போட்டார்களா என்று கேட்டார். அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். இன்னும் சில தடவை வரவேண்டும் என்றார்கள். சாயங்காலம் பஸ்ஸில் எனக்கும் அம்மாவுக்கும் சேர்ந்து சீட்டுக் கிடைத்தது. மாமா அந்தப் பக்கம் என்னை ஒட்டி உட்கார்ந்தார். டாக்டரின் குப்பைக் கூடையில் ரத்தம் பட்ட பஞ்சைப் பார்த்ததிலிருந்து அவருக்கு முகம் வெளுத்திருந்தது. அக்காவுக்கு ரொம்ப வலித்ததா என்று என்னிடம்தான் கேட்டார். அம்மா பயந்துவிட்டது, நான்தான் கடைசி வரைக்கும் பிடித்துக்கொண்டேன் என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

அம்மா மரத்துப்போன வாயால், சொல் குழறக் குழறச் சொன்னாள். "ஆமாடா. அவதான் பிடிச்சுக்கிட்டா. எங்க ரெண்டு பேரையும்."

ரெண்டு பேர் யார் யார் என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்று அம்மா. மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கும் பயம் வந்திருக்கிறது, அவரைத்தான் சொல்கிறாள் என்று முடிவு செய்தேன். ஆஸ்பத்திரியில் அவரைப் பிடிக்காமல் விட்டது தப்பு என்று தோன்றியது. அவர் கையை எடுத்து என் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊர் வந்து இறங்குகிற வரை விடவில்லை.